எழுத்தில்லாத பழங்குடி மொழி பேசும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பை எப்படித் தொடங்குவது?

கேள்வி:
பிள்ளைகள் வீட்டில் பேசுவது அவர்களுடைய பழங்குடி மொழி, பாடப்புத்தகம் வேறு மொழி. ஆசிரியருக்கு அவர்கள் மொழி தெரியாது. மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், பொருள் புரிவதில்லை. அதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். தாய்மொழியில் தொடங்குவதென்றால் எந்த எழுத்தில்? எத்தனை ஆண்டு?

பதில் 1:
பள்ளி மொழியின் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மொழியைப் படிக்கும்போது கற்ற எழுத்து கைகொடுக்கும். சிக்கல், அந்த எழுத்தில் இல்லாத ஒலிகளில்தான். தமிழில் ‘க’ ஒன்றுதான். ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ஒலி வேறு, இடம் பார்த்து நாமே மாற்றிப் படிக்கிறோம். அந்த வேறுபாட்டாலேயே பொருள் மாறும் மொழிக்கு இது போதாது. இருளர் மொழியில் தமிழில் இல்லாத நடு உயிரொலிகளும் (நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து எழும் உயிரொலிகள்) உண்டு.

மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து 500 சொற்களாவது திரட்டுங்கள். ஓர் ஒலி மாறினாலே பொருள் மாறும் சொல் ஜோடிகளைப் பொறுக்கி, அந்த ஒலிகளுக்கு மட்டும் ஒரு புள்ளியோ கோடோ சேருங்கள். எல்லாவற்றுக்கும் குறி போட்டால் பிள்ளை களைத்துவிடும். எழுதியதை, அதைப் பார்த்திராத வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறியை மாற்றுங்கள்.

அகர வரிசையில் தொடங்க வேண்டாம். அதிகச் சொற்களைத் தரும் ஐந்தாறு எழுத்துகள் போதும், முதல் வாரமே முழுச் சொல் படித்துவிடுவார்கள்.

பதில் 2:
ஓரிரு ஆண்டில் தாய்மொழியை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அறிவியலும் கணக்கும் கனக்கும் நேரத்தில் பிடிமானம் போய்விடும். ஐந்தாம் வகுப்பு வரையாவது இருக்கட்டும். பள்ளி மொழியை முதல் ஆண்டு வாய்மொழியாக மட்டும், தினம் அரை மணி நேரம்: ‘எழு’, ‘கல்லை எடு’, ‘கூடையில் வை’ என்று செய்துகாட்டியே.

ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்லாதீர்கள். தன் மொழி வரட்டும் என்று காத்திருந்து, மற்றதைப் பிள்ளை காதில் வாங்காது. இரண்டு மொழிக்கும் நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

‘எங்கள் மொழி வீட்டிலேயே வருமே’ என்று பெற்றோர் கேட்பது நியாயமான பயம். பள்ளி மொழி பறிபோகாது என்று காட்ட வேண்டும். பழங்குடிகள் பற்றிய 1989-இன் ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) 169-ஆம் உடன்படிக்கை, 28-ஆம் பிரிவில் இரண்டையுமே கேட்கிறது: சொந்த மொழியில் எழுதப் படிக்க, நாட்டு மொழியிலும் தேர்ச்சி பெற வாய்ப்பு.

பதில் 3:
அந்தச் சமூகத்தவரை ஆசிரியராக வையுங்கள், மொழிபெயர்ப்பாளராக அல்ல. ஆசிரியர் பேச அவர் திருப்பிச் சொன்னால் பாடம் பாதியாகும், அவர் மதிப்பும் குறையும். காலை வாசிப்பு வகுப்பு முழுக்க அவருடையதாகட்டும், சம்பளமும் அதற்கேற்ப. நியூசிலாந்தில் 1982-இல் தொடங்கிய ‘கோஹங்கா ரெயோ’ என்ற மாவோரி மொழி மழலையர் பள்ளிகள், அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மூத்தவர்களை நம்பியே எழுந்தன.

காட்டில் சேகரிப்புக் காலம் வந்தால் குடும்பமே போய்விடும். அந்த வாரங்களில் வராத பிள்ளைக்கு ‘ஆப்சென்ட்’ போட்டுப் பயனில்லை. விடுமுறையையே அந்த வாரங்களுக்கு நகர்த்துங்கள்.

கேட்டவர்:
ஒரே வகுப்பில் இரண்டு பழங்குடி மொழிகள் இருந்தால்?

பதில் 1:
வாசிப்புக்கு மட்டும் வகுப்பு பார்க்காமல் மொழிவாரியாகப் பிரித்து உட்கார வையுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு கலந்தாலும் பரவாயில்லை. விளையாட்டு, பாட்டு, பள்ளி மொழிப் பேச்சு எல்லாம் சேர்ந்தே நடக்கட்டும்.