சாங்கியிலிருந்து நூவர்க்: ஒரே புதன்கிழமை இரண்டு தடவை விடிந்தது

தங்கையின் பிரசவத்துக்காக ஓர் அக்டோபர் தொடக்கத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் போனேன். இறங்கியது பக்கத்தில் இருக்கும் நூவர்க் விமான நிலையத்தில். தூரம் 15,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எங்கும் நிற்காமல் பதினெட்டரை மணி நேரம். நடுவில் இறங்கி ஏற அம்மாவின் முட்டி தாங்காது என்பதால், பணம் கூடுதலானாலும் பரவாயில்லை என்று இதை எடுத்தேன். இந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது.

என் கவலையெல்லாம் அம்மாவின் பிரஷர் மாத்திரைதான். தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று. கிழமை எழுதிய டப்பாவில் வைத்திருப்பார். செவ்வாய் இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் மேல் போகும்போது ஜன்னல் மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினேன். கண் கூசும் வெளிச்சம். அம்மாவின் கைக்கடிகாரத்தில் ஏழு. புதன் அறையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் குழப்பம். பசிபிக் நடுவே ஒரு நாளையும் அடுத்த நாளையும் பிரிக்கும் தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டியதும் மறுபடி செவ்வாய். அமெரிக்கக் கரை வருவதற்குள் பொழுது சாய்ந்து இன்னொரு இரவு. குடிநுழைவு வரிசை முடிந்து வெளியே வந்தால் புதன் திரும்பவும் விடிந்துகொண்டிருக்கிறது! அந்த மாதத்தில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், அங்கேயும் ஏழு, இங்கேயும் ஏழு. அம்மா டப்பாவை எடுத்துவிட்டார்.

"ஏழாச்சேம்மா, புதன் காலியா இருக்கு. வியாழனைப் போட்டுக்கட்டுமா?"

சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஊர் நேரத்தைப் பார்க்காதீர்கள், 24 மணி நேரத்தை எண்ணுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலம் ஏழுக்குத்தான் கொடுத்தேன். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். ஆக, இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே பறந்து பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றைப் பார்த்து அன்றன்றைக்கு வழியை முடிவு செய்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ இதைவிடப் பக்கம், சுமார் 13,600 கிலோமீட்டர். ஆனால் போக வர இரண்டுமே பசிபிக் என்பதால் சிங்கப்பூர் திரும்பும்போது எதிர்காற்று. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடும். தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கணக்குப் போடாதீர்கள்.

அங்கிருந்த மூன்று வாரமும் அம்மாவுக்குச் சாயங்காலம் ஏழுக்கே மாத்திரை, சிங்கப்பூர்க் கிழமைப்படி. வீடு திரும்பிய மறுநாள் காலை ஏழுக்கு டப்பாவைத் திறந்தார். கிழமை சரியாக இருந்தது.