குளியலறை வால்வுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே,

குளியலறையைப் புதுப்பிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஷவரில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து விடும் வால்வில் இரண்டு வகை. ஒன்று அழுத்தத்தைப் பார்ப்பது: யாராவது ஃபிளஷ் செய்து தண்ணீரின் அழுத்தம் இறங்கினால், வெந்நீரையும் அதற்கேற்பக் குறைக்கும். இதை 'அழுத்தச் சமன் வால்வு' என்று போட்டுவிட்டேன். மற்றது சூட்டையே பார்ப்பது: உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வெந்நீர் வரும் வாயை நெருக்கும். இதற்கு 'வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கலவை அடைப்பிதழ்' என்று வந்து நிற்கிறது. படித்தால் மூச்சு முட்டுகிறது.

>>
ஐயா, அடைப்பிதழை இதயத்துக்கு விட்டுவிடுங்கள். குழாய்க்கு 'ஓரதர்' இருக்கிறதே! அதர் என்றால் வழி. சங்கப் பாட்டில் காட்டுவழியெல்லாம் அதர்தான். தெறு என்றால் சுடு. ஆக, 'தெறுநிலை ஓரதர்'. மேலைமொழிகளின் தெர்மோவும் இந்தத் தெறுவும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

>>
விரிக்க வேண்டாம் ஐயா. இரண்டு வழியில் வந்து ஒரு வழியில் போவது எப்படி ஓரதர் ஆகும்? மூவதர் அல்லவா? 'தெறுநிலை' என்று போட்டால் குழாய் பொருத்துபவர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். 60 டிகிரி நீர் ஐந்தாறு நொடியில் தோலை வேகவைத்துவிடும். 49 டிகிரி என்றால் சில நிமிடமாவது ஆகும். இந்த எச்சரிக்கை இருக்கிற பக்கத்தில் புரியாத சொல் ஆபத்து. 'தெர்மோஸ்டாட் வால்வு' போதும்.

>>
வெந்நீரில் தண்ணீர் விட்டு விளாவுகிறோமே, அந்த வினை யார் கண்ணிலும் படவில்லையா? பக்குவமாக விளாவித் தருவது விளாவி. அழுத்தம் பார்ப்பது அழுத்த விளாவி, சூடு பார்ப்பது சூடறி விளாவி. வாங்குபவருக்கு வேறுபாடும் பெயரிலேயே கிடைக்கும். ஹீட்டரிலிருந்து வரும் நீரின் சூடே ஏறி இறங்கினால் அழுத்த விளாவிக்கு அது தெரியாது. குழந்தைகள், முதியவர்கள் இருக்கிற வீட்டுக்குச் சூடறி விளாவிதான் சரி.

>>
அம்மா சொல்வது அழகுதான். ஆனால் 'விளாவி' பெயரா, வினையெச்சமா? 'வெந்நீர் விளாவி வை' என்றால் பொருளைப் பொருத்துவதா, நீரைக் கலப்பதா? மேலும், விளாவு அளாவிலிருந்து வந்ததா? சிறுகை கூழை அளாவியதை வள்ளுவரே சொல்கிறார். அப்படியானால் 'அளாவி'யும் ஆகுமே.

>>
வானளாவிய கட்டடத்தை என்ன செய்வீர்கள்?

>>
சரி, போதும். விளாவிக்குத்தான் ஆள் அதிகம் இருக்கிறது. முதல் இடத்தில் 'சூடறி விளாவி (தெர்மோஸ்டாட் வால்வு)', அப்புறம் வெறும் விளாவி. அழுத்தச் சமன் வால்வையும் மாற்றிவிடுகிறேன். கைப்பிடி 38 டிகிரிக்கு மேல் திரும்பாமல் நிறுத்தும் பொத்தானை 'தடை' என்று எழுதிவிட்டேன். அதை யாரும் கிளற வேண்டாம்.

>>
தடை பிழை. தடுப்பி என்றிருக்க வேண்டும். ஓரதரைக் கைவிட்டதற்கு என் மறுப்பையும் பதிவு செய்க.