மலாவி கிராமத்துக்கு ஒரு மாத ஊழியப் பயணம்: போகலாமா?

ஜெபா_பாளை:
எங்கள் சபையிலிருந்து ஒரு வாலிபர் குழு வருகிற ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டுக்குப் போகிறது. டெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஒரு மாதம் தங்கி வகுப்பறை கட்டுவது, பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவது என்று திட்டம். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் அன்றாட வாழ்க்கை எப்படி என்று சொல்லுங்கள். போகக் கூடாது என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

வைகைக்கரை:
போக வேண்டாம் தங்கச்சி. மலாவியில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1875-லேயே மலாவி ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். அங்கே போய் யாருக்கு எதை அறிவிக்கப் போகிறீர்கள்? கட்டட வேலை என்றால், செங்கல் அறுத்துச் சூளை போட்டுச் சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள் கிராமத்துக்குக் கிராமம் வேலையில்லாமல் இருக்கிறார்கள். விமான டிக்கெட் பணத்தை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் வகுப்பறையும் எழும், அடுப்பும் எரியும்.

ரூத்_செவிலியர்:
ஐயா, கட்டடம் பற்றி நீங்கள் சொன்னது சரி. போகவே கூடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெட்சா பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கிராமப் பிரிவில் தன்னார்வலராக வேலை செய்தவள் நான்.

ஜெபா, அங்கே விடிவதற்கு முன்பே அடிபம்பில் வாளிகள் வரிசை கட்டிவிடும். மதியமும் இரவும் என்சிமாதான், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தொட்டுக்கொள்ளப் பூசணி இலைக் கீரை, கையில் காசு இருந்தால் ஏரியிலிருந்து வரும் உசிபா கருவாடு. கொசுவலை இல்லாமல் ஒரு இரவும் படுக்கக் கூடாது.

குழந்தைகள் கிளினிக் அன்று மரக்கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். குழந்தையைத் துணிக் கால்சட்டையில் உட்கார வைத்து மாட்டினால் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடும். கிளினிக்கை நடத்துவது அரசின் சுகாதாரப் பணியாளர். எடையைக் குறித்து, புஜத்தில் நாடா சுற்றி அளப்பது என் வேலை. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே சிபோண்டே என்கிற கடலைப் பசைப் பாக்கெட்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும்.

சிவப்பு அதிகம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது இன்னும் கதிர் முற்றியிருக்காது, மழையோடு மலேரியாவும் சேர்ந்துகொள்ளும். உங்கள் குழு போகும் ஆகஸ்டில் அறுவடை முடிந்து குதிர் நிறைந்திருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். கிராமத்தின் கஷ்டத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். என் ஆட்சேபம் இந்த ஒரு மாதக் கணக்கின் மீதுதான்.

நாசரேத்_தானியேல்:
ரூத் அக்கா சொன்ன அதே மிஷன் ஆஸ்பத்திரிகளை நினைத்துப் பாருங்கள். மலாவியின் கிராமங்களில் பல இடங்களில் பிரசவத்துக்குப் போக வேறு வாசலே கிடையாது. இன்றைக்கு அங்குள்ள ஊழியர்களின் சம்பளத்தை அரசே கொடுக்கிறது. ஆனால் அதற்கு அஸ்திபாரம் போட்டவர்கள் அந்நியர்கள்தானே? ஸ்காட்லாந்து மிஷனெரி ராபர்ட் லாஸ் டாக்டர் 1875-ல் போய் ஐம்பது வருஷம் அங்கேயே இருந்தார். அவரிடம் "உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வர வேண்டாம்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வைகைக்கரை:
தானியேல் தம்பி, ஐம்பது வருஷம் இருந்தவரைக் காட்டி ஒரு மாதப் பயணத்துக்கு நியாயம் கேட்காதீர்கள். அதே மண்ணில் ஜான் சிலெம்ப்வே என்கிற கறுப்பினப் போதகரும் இருந்தார். வெள்ளைக்காரத் தோட்டங்களின் கொடுமைக்கு எதிராக 1915-ல் எழுந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவர் கட்டிய தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மலாவி மக்கள் ஜனவரி 15-ஐ அவர் பெயரில் விடுமுறையாக அனுசரிக்கிறார்கள். அந்த ஊர் சபைக்குத் தன் சொந்தத் தலைவர்கள் உண்டு.

படிப்பில்லாத ஆர்வத்தின் ஆபத்தையும் சொல்கிறேன். உகாண்டாவின் ஜின்ஜாவில் மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்க மிஷனெரி, ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு நிலையம் நடத்தினார். அங்கே பிள்ளைகள் பலர் இறந்தார்கள். இரண்டு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2020-ல் அது சமரசத்தில் முடிந்தது, நிர்வாகம் பொறுப்பை ஏற்கவில்லை.

நான் மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தவன். ஒரு கிராமத்தில் வெளிநாட்டுக் குழு போட்டுக் கொடுத்த ஆஃப்ரிடெவ் என்கிற வகை அடிபம்பைப் பார்த்தேன். சிமெண்டுத் திண்ணையில் கொடுத்தவர்களின் பெயர் பதிந்திருக்கிறது. கைப்பிடி லேசாக ஆடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருந்தது. ஒரே ஸ்பேனரால் ஊர்ப் பெண்களே கழற்றி மாட்டும்படி செய்த பம்பு அது. ஸ்பேனரும் கொடுக்கவில்லை, மாற்று சீலும் கொடுக்கவில்லை, கற்றும் கொடுக்கவில்லை. பெண்கள் பள்ளத்தில் தோண்டிய குழியிலிருந்து கலங்கல் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

ரூத்_செவிலியர்:
ஜின்ஜாவில் நடந்தது என் போன்றவர்களுக்கும் எச்சரிக்கைதான். அதனால்தான் நாங்கள் அங்குள்ள மேட்ரன் சொல்லாமல் ஒரு ஊசி போட மாட்டோம்.

ஆனால் ஐயா, கூலி கொடுத்து வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சாவு வீடு என்றால் ஊரே வேலையை விட்டுவிட்டுப் போகும். பெண்கள் தலையில் மாவும் விறகும் சுமந்து வருவார்கள், பிணத்தைச் சுற்றி ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். எடை குறைந்துகொண்டே போன ஒரு பிள்ளை இறந்தபோது நானும் போய்த் தரையில் அவர்களோடு உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கிளினிக்கில் தலையாட்டிவிட்டு மட்டும் போன தாய்மார்கள், அதற்குப் பிறகு வீட்டில் மாவு இல்லை, புருஷன் பணம் அனுப்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்கள் மொழியான சிச்சேவாவை நான் தட்டுத்தடுமாறிப் பேசியதைப் பொறுத்துக்கொண்டார்கள். இதற்கு மாதங்கள் ஆகும்.

நாசரேத்_தானியேல்:
ஒரு மாதம் போய் வந்தவர்களில் ஒருவராவது நீண்ட ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தால்? அழைப்பு அங்கே போன பிறகுதானே பலருக்கு வருகிறது?

வைகைக்கரை:
வரட்டும். அப்படியானால் சபையில் "கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்று சொல்லிச் சொந்தக் காசில் போங்கள். மலாவிக்கு உதவி என்று சொல்லிக் காணிக்கை எடுக்காதீர்கள்.

ஜெபா_பாளை:
குழுத் தலைவரிடம் எதைக் கேட்க வேண்டும் அக்கா?

ரூத்_செவிலியர்:
அந்த ஊர் சபை எழுதிய அழைப்புக் கடிதத்தைக் காட்டச் சொல். வகுப்பறையை அவர்கள் கேட்டார்களா, நாம் முடிவு செய்தோமா? கேட்டிருந்தால் கட்டடப் பணத்தை அனுப்பிவிடுங்கள், அங்குள்ள கொத்தனார் கட்டட்டும். நீ ஆசிரியப் பயிற்சி முடித்தவளாக இருந்தால், ஒரு வருஷம் தங்க வழியுண்டா என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமே கேள். ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் அவர்கள்.

வைகைக்கரை:
அந்த ஒரு வருஷத்துக்கு நானும் காணிக்கை தருகிறேன். ஆகஸ்ட் பயணத்துக்கு மாட்டேன்.