பீரோவில் வைத்த தோல் கைப்பைகள்: ஒன்று வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஒன்று உள்ளே ஒட்டுகிறது. காப்பாற்ற முடியுமா?

மடிப்பாக்கம்வாசி

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கைப்பை கொண்டுவருவார். இப்படி மூன்று சேர்ந்துவிட்டன. மூன்றுமே பெயர் பெற்ற கம்பெனிகளின் பைகள். விலையை வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கலாம் என்று பத்திரப்படுத்தினேன். அதாவது ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டி, கூடவே இரண்டு அந்துருண்டையும் போட்டு, இரும்பு பீரோவின் மேல் தட்டில் வைத்தேன். இரண்டு வருடம் திறக்கவே இல்லை. போன வாரம் திறந்தால் வயிறு எரிகிறது.

கறுப்புப் பை முழுக்க வெள்ளையாக, கோலமாவைத் தூவித் துடைத்தது போல இருக்கிறது. அதில் அந்துருண்டை வாசனை மட்டும்தான் வருகிறது. பழுப்பு நிறத் தோள்பையில் தையல் ஓரங்களிலும் அடியிலும் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள், மழைக்காலத்து ஈரச்சுவர் நாற்றம். மூன்றாவது சின்னப் பை வெளியே புதுசு போலப் பளபளக்கிறது. ஆனால் உள்பாக்கெட்டில் கையை விட்டால் பலாப்பழம் அறுத்த கை மாதிரி ஒட்டுகிறது.

தேங்காய் எண்ணெய் தடவி நல்ல வெயிலில் அரை நாள் வை, சரியாகிவிடும் என்கிறார் மாமியார். செய்யலாமா?

செருப்பும்_பையும்

வேண்டாம் அக்கா! எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மாமியாரிடம் நயமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முதலில் மூன்றையும் பிளாஸ்டிக்கிலிருந்து வெளியே எடுத்து, ஒன்றோடொன்று படாமல், வெயில் விழாத இடத்தில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மற்றது அப்புறம் பார்க்கலாம்.

ஆம்பூர்_பழையகை

தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் 22 வருடம் இருந்தவன். தங்கச்சி சொல்வதைப் பார்த்தால் மூன்று பைக்கும் மூன்று வேறு வியாதி. ஒரே மருந்து போட்டால் இரண்டு செத்துப்போகும்.

கறுப்புப் பையில் இருப்பது பூஞ்சை அல்ல என்றே நினைக்கிறேன். பதனிட்ட தோல் காய்ந்து விறைத்துப் போகாமல் இருக்க எண்ணெய் ஊட்டுவோம், அதற்கு ஃபேட்லிக்கர் என்று பெயர். அந்த எண்ணெயிலும் தோலிலேயே உள்ள கொழுப்பிலும் ஒரு பகுதி நாளடைவில் மேலே வந்து வெள்ளையாக உறைந்து நிற்கும். தொழிலில் இதை ஸ்பியூ என்போம். சோதிப்பது சுலபம். தலை காயவைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சில நொடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல் அப்படியே இருந்தால் பூஞ்சை என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். கொழுப்பென்றால் இளஞ்சூட்டோடு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மறுபடி வரலாம், மறுபடி துடைக்க வேண்டியதுதான். தோலுக்கு அதனால் கேடில்லை.

பழுப்புப் பையில் இருப்பது சந்தேகமில்லாமல் பூஞ்சை. புள்ளி புள்ளியாக நிற்பதும் அந்த நாற்றமுமே சாட்சி. அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து பறந்து மற்ற பைகளிலும் உட்காரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், நிழலில் வைத்து, மென்மையான பிரஷால் உலர்ந்த வாக்கிலேயே தட்டி எடுங்கள். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஒற்றித் துடையுங்கள். பையின் மேல் ஊற்றக் கூடாது. முதலில் அடியில், கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஆல்கஹால் ஃபினிஷை, அதாவது மேல்பூச்சைத் தூக்கிவிடும். ஏறாவிட்டால் தொடரலாம். காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு தோல் பொருளுக்கான கண்டிஷனர் கிரீம், ஒரு பட்டாணி அளவு போதும்.

பீரோ தட்டைத் துடைக்காமல், பையோடு வந்த துணி உறை இருந்தால் அதை வெந்நீரில் துவைக்காமல் திரும்ப உள்ளே வைத்தால் ஒரே மாதத்தில் மறுபடி வரும்.

கண்மணி_தையல்

ஐயா, தேங்காய் எண்ணெயை ஏன் எல்லாரும் இப்படி விரட்டுகிறீர்கள்? என் அப்பா செருப்புக்கு வருடக்கணக்காகத் தடவினார். செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆம்பூர்_பழையகை

அம்மா, அந்தக் காலத்துச் செருப்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலாக இருந்திருக்கும். தடித்த தோல், மேலே பூச்சு கிடையாது, எண்ணெயைக் குடிக்கும். கறுத்துப் போனாலும் யாரும் கவலைப்படவில்லை. இந்தக் கைப்பைகளில் பெரும்பாலானவை குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே நிறமும் பூச்சும் கொடுத்தவை. எண்ணெய் உள்ளே போகாமல் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், இல்லையென்றால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். ஏறிய கறையை எடுக்க என்னிடமும் வழி இல்லை.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சில உயர்ந்த பைகளில் கைப்பிடி மட்டும் பூச்சில்லாத வெளிர் தோலில் இருக்கும். தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டே போகும், அதுதான் அதன் அழகு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் போட்டுவிடும்.

பைக்கடை_மதுரை

மூன்றாவது பைக்கு நான் சொல்கிறேன், மாதம் நாலைந்து வரும். ஒட்டுவது தோல் அல்ல, உள்துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடுகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். பூட்டி வைத்த பையில் சீக்கிரம் வரும். ரெக்சின் சோபா உரிவதும் இதே கதைதான்.

இதற்கு மருந்து கிடையாது. டால்கம் பவுடர் தூவினால் ஒரு வாரம் ஒட்டாது, அவ்வளவுதான். உள்துணியை முழுக்கப் பிரித்தெடுத்துப் பருத்தியோ நைலானோ போட்டுத் தைப்பதுதான் வழி. தைப்பவரிடம் பழைய தையல் ஓட்டை வழியாகவே ஊசி போகட்டும் என்று சொல்லுங்கள். புதிதாக ஓட்டை போட்டால் தோல் அந்தக் கோட்டில் கிழியும்.

அந்துருண்டையையும் இனிமேல் போடாதீர்கள். தோலில் ஏறிய அந்த வாசனை லேசில் போகாது. போதாக்குறைக்குச் சில பிளாஸ்டிக் பகுதிகளை இளக்கியும் விடும்.

மடிப்பாக்கம்வாசி (4 நாள் கழித்து)

டிரையர் சோதனை செய்தேன். வெள்ளை கண் முன்னாலேயே மறைந்தது! மாமியார் நான் மந்திரம் போட்டதாக நினைத்தார். பழுப்புப் பையில் சாயம் ஏறவில்லை, துடைத்துவிட்டேன். தையல் ஓரம் மட்டும் லேசாக நிழல் போலத் தெரிகிறது. சின்னப் பைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி எங்கே, எப்படி வைப்பது? பரணில் அட்டைப்பெட்டியில் வைக்கலாமா?

ஜூரோங்_கேமராக்காரன்

பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அது அடுப்பு. இங்கே சிங்கப்பூரிலும் அதே ஈரம்தான். என் மனைவியின் பைகள் என் கேமரா லென்ஸோடு டிரை கேபினெட்டில் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) குடியிருக்கின்றன (என் லென்ஸுக்கு இடமில்லை என்பது வேறு விஷயம்). லென்ஸுக்கு ஈரப்பதம் 40 சதவீதம் வைத்திருந்தேன், தோலுக்காக 50க்கு ஏற்றினேன். ரொம்பக் காய்ந்தாலும் தோல் வெடிக்கும். 70க்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

கேபினெட் வாங்க வேண்டும் என்றில்லை. முதலில் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். மலிவானவை பொய் சொல்லும். மூடி ஒன்றில் உப்பு போட்டுச் சேறு பதத்துக்கு ஈரமாக்கி, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்ததாக இருக்கும். நிறம் மாறும் ஆரஞ்சு ஜெல்லாக வாங்குங்கள், பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். தோலைத் தொடாமல் வையுங்கள்.

செருப்பும்_பையும்

பிளாஸ்டிக்குக்குப் பதில் பழைய தலையணை உறை போதும் அக்கா, வெள்ளை அல்லது சாயம் போகாதது. உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்தால் உருவம் நிற்கும். செய்தித்தாள் அடைக்காதீர்கள், மை உள்துணியில் ஏறும். கொக்கியில் மாட்டினால் பட்டை இழுபடும், நிற்க வையுங்கள். பளபளப்பான பேட்டண்ட் தோல் பக்கத்து பையின் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், நடுவில் துணி வையுங்கள். மாதம் ஒரு தடவை வெளியே எடுங்கள், ஒரு மணி நேரம் காற்றாட விட்டாலே போதும்.

மடிப்பாக்கம்வாசி

காற்றாட விடுவதென்ன, நாளைக்கே கறுப்புப் பையை ஆபீஸுக்கு எடுத்துப்போகிறேன். மானி வந்துவிட்டது, உப்புச் சோதனையில் 71 காட்டியது. பீரோவுக்குள் வைத்துப் பார்த்தால் 78. அப்படியென்றால் 82. என் பட்டுப்புடவைகளும் அதே பீரோவில்தான் இருக்கின்றன.

கண்மணி_தையல்

புடவையை முதலில் வெளியே எடுங்கள்! மடிப்பை மாற்றி மடித்து எவ்வளவு நாளாகிறது?