லூர்தம்மாள் சைமன் குறித்த ஆவணங்கள் கிடைக்குமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் 1957இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்று, காமராசரின் 1957–62 அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்ணான லூர்தம்மாள் சைமனின் அரசியல் வாழ்வைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதி வருகிறேன். மீனவச் சமூகத்திலிருந்து வந்த ஒருவரிடம் மீன்வளத்தோடு உள்ளாட்சித் துறையும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால் இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் மீன்வளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊராட்சி ஒன்றியங்களுக்கு அடித்தளமிட்ட 1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் வந்தது என்பதை யாரும் நினைவுகூர்வதில்லை. எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது.

அச்சட்டத்தின் மீதான விவாதத்தில் அவர் பேசியவை அடங்கிய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை எங்கே பார்வையிடலாம், வெளியாருக்கு அனுமதி பெறும் முறை என்ன என்பதை அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன். கடற்கரை ஊர்களில் உள்ளோர், பழைய ஊராட்சிக் கட்டடம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், படகுத்துறை ஆகியவற்றில் அவர் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல் இருந்தால், சுண்ணாம்பு பூசி எழுத்து மங்கியிருந்தாலும், தேதி தெரியுமாறு படமெடுத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும். பங்கு ஆலயங்கள் வெளியிட்ட விழா மலர்களும் தேர்தல் துண்டறிக்கைகளும்கூடப் பயன்படும். செவிவழிச் செய்தியாயின், சொன்னவர் அதை நேரில் கண்டாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.