கஸாலா சினாரியோ: தெற்கே சுற்றிப் போக யாரும் துணிவதில்லை, என்ன செய்யலாம்?

மணற்புயல்:
1942 மே மாதம் லிபியாவில் தொடங்கிய கஸாலா போருக்கு, போர் விளையாட்டில் ஆட ஒரு சினாரியோ போட்டுக்கொண்டிருக்கிறேன். ஹெக்ஸ் மேப் (அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம்), ஒரு டர்ன் (ஒரு சுற்று ஆட்டம்) அரை நாள். ஜெர்மன் தளபதி ரொம்மல் மே 26 இரவு தன் டாங்கிகளைத் தெற்கே, பிரிட்டிஷ் அரண் வரிசையின் தென்முனையான பிர் ஹக்கீமைச் சுற்றிக் கொண்டுபோனார் அல்லவா? என் சினாரியோவில் ஜெர்மன் பக்கம் ஆடுகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. பிரிட்டிஷ் கண்ணிவெடி வயலில் நேராக முட்டி, பாதி டாங்கிகளை அங்கேயே இழக்கிறார்கள். டர்ன்களைக் கூட்டிப் பார்த்தேன். கூடுதல் நேரம் முட்டுகிறார்கள், அவ்வளவுதான். எங்கே இடிக்கிறது?

ஹெக்ஸ்பித்தன்:
மேப் தெற்கே எங்கே முடிகிறது?

மணற்புயல்:
பிர் ஹக்கீமுக்குக் கீழே இரண்டு ஹெக்ஸ். அதற்கப்புறம் வெறும் பாலைவனம்தானே?

ஹெக்ஸ்பித்தன்:
அந்த வெறும் பாலைவனம்தான் ஆட்டமே! இரண்டு ஹெக்ஸ் சந்துக்குள் பிர் ஹக்கீம் காவல்படையின் பிடி எட்டிவிடும். நுழைகிற ஒவ்வொரு யூனிட்டும் நின்று நின்றுதான் நகரும். மேப் விளிம்பு பிரிட்டிஷ்காரருக்கு இனாமாகக் கிடைத்த கோட்டைச் சுவர். எல் அலமைன் என்றால் சரி, வடக்கே கடல், தெற்கே கட்டாரா பள்ளம், நிஜமாகவே சுற்ற வழியில்லை. கஸாலாவில் தெற்கு திறந்து கிடந்தது. எட்டுப் பத்து ஹெக்ஸாவது நீட்டுங்கள்.

பழைய டாங்கி:
நீட்டினால் மட்டும் போதாது சார். பிரிட்டிஷ் பக்கம் ஆடுகிறவருக்கு வரலாறு தெரியும். முதல் டர்னிலேயே 1ஆம், 7ஆம் கவச டிவிஷன்களைத் தெற்கே குவித்துவிடுவார். அன்றைக்கு பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஆக்கின்லெக்கோ தாக்குதல் நடுவில்தான் வரும் என்று நினைத்தார். அதனால் ஜெர்மன் டாங்கிகள் எங்கே திரள்கின்றன என்பது மறைவாக இருக்கட்டும், நடுவிலும் திரள முடியட்டும். எதிரி கண்ணில் படும்வரை பிரிட்டிஷ் டாங்கிப் படைகளை நகர முடியாமல் பூட்டி வையுங்கள். ஆனால் ஒரு பிரிகேடையாவது அவிழ்த்து விடுங்கள். முழுப் பூட்டு போட்டால் அந்தப் பக்கம் ஆடுகிறவர் கொட்டாவிதான் விடுவார்.

மணற்புயல்:
தெற்கே நீட்டிப் பூட்டும் போட்டாயிற்று. இப்போது சுற்றுகிறார்கள். ஆனால் நாலாவது டர்னிலேயே டோப்ருக் துறைமுக வாசலில் நிற்கிறார்கள்!

ஹெக்ஸ்பித்தன்:
சப்ளையைப் பாருங்கள். மேற்கு விளிம்பு முழுக்க சப்ளை வருகிற இடமாக வைத்திருப்பீர்கள். புதிதாகச் சேர்த்த தெற்கு ஹெக்ஸ்களும் அதில் சேர்ந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, மேற்கே அவர்கள் கிளம்பிய பாதைகளில் மட்டும் வையுங்கள். சுற்றிப்போன படைக்கு எரிபொருளும் தண்ணீரும் பிர் ஹக்கீமைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே சுதந்திர பிரெஞ்சுப் படை ஜூன் 10 இரவு வரை தாக்குப்பிடித்தது. சப்ளை இழுபறியானதால்தான் ரொம்மல் கண்ணிவெடி வயலுக்குள் வழி திறக்கப் பார்த்தார்; அதற்குக் குறுக்கே நின்ற பிரிட்டிஷ் 150ஆவது பிரிகேட் ஜூன் 1 அன்று வீழ்ந்தது. இந்த நெருக்கடி உங்கள் மேப்பிலும் தானாக வரும்.

பழைய டாங்கி:
வெற்றிப் புள்ளிகளை மொத்தமாக டோப்ருக்கில் கொட்டாதீர்கள். அது விழுந்ததே ஜூன் 21 அன்றுதான். அழிந்த டாங்கிகளுக்கும் பிர் ஹக்கீமுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள். பிர் ஹக்கீமுக்கான புள்ளி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரட்டும்.