தூர்வாரிய வாய்க்காலில் மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய் இது. ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடி வரும் தண்ணீரின் கடைசிப் பங்குதான் எங்களுக்கு.

புதர் மண்டிக் கிடந்த கிளை வாய்க்காலை ஊரே கூடித் தூர்வாரினோம். தண்ணீர் வந்த அன்று பலர் கண் கலங்கினார்கள். ஆனால் தரைமட்டம் தாழ்ந்துவிட்டதால், ஏரிக்குப் பிரியும் மடையின் வாசல் இப்போது நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது. தண்ணீர் மடையைத் தொடாமலேயே ஓடிவிடுகிறது.

நீர்மட்டத்தை உயர்த்த, மடையைத் தாண்டிச் சற்றுத் தள்ளி வாய்க்காலின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்ட நினைக்கிறோம். நிலையான சுவர் என்றால் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கரை உடையுமோ என்று பயம். சுவரில் பலகை செருகும் காடி (பள்ளம்) வைத்தால் வேண்டியபோது கழற்றலாம். வாய்க்காலுக்குச் சாய்வாகக் கட்டினால் சுவர் நீண்டு, வழியும் வெள்ளம் அதிகம் உயராது. எது நல்லது? விழும் தண்ணீர் அடிமண்ணை அரிக்காமலிருக்க எவ்வளவு தூரம் கல் பாவ வேண்டும்? நீர்வளத் துறையிடம் அனுமதி பெற்றுக் கட்டியவர்கள், குறிப்பாக ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் வேலையை முடித்தாக வேண்டும்.